இடுப்பு வலிக்கு எந்த மசாஜ்? வீங்கிய காலை நீவலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடி குனிந்து துணி பார்க்க வேண்டும். நான்கு மாதமாக இடுப்பு வலி. சாயங்காலமானால் கழுத்தும் தோளும் இறுகிவிடுகின்றன. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பக்கத்து ஸ்பாவில் ஸ்வீடிஷ், தாய், டீப் டிஷ்யூ என்று மூன்று வகை மசாஜ் செய்கிறார்கள். இன்னொரு இடத்தில் கேரள முறையில் ஏழு நாள் எண்ணெய் சிகிச்சை. எது எனக்குச் சரி? அம்மாவுக்கு 71 வயது, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. எண்ணெய் போட்டு நீவி விடலாமா?

பதில்: முதலில் அம்மாவின் கால். நீவவே கூடாது. கேள்வி வந்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற வீடுகளிலும் இதே தவறு நடப்பதால் இங்கும் சொல்கிறேன். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு அதிகம் நடக்காமல் படுத்தே இருப்பவர்களுக்குக் காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். ஒரு கால் மட்டும் வீங்குவது, தொட்டால் சூடாக இருப்பது, கெண்டைச் சதை வலிப்பது எல்லாம் அதன் அறிகுறிகள். அந்தக் காலை உருவி விட்டால் கட்டி பெயர்ந்து நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அன்றைக்கே டாக்டரிடம் காட்டி ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பாசத்தோடு காலைப் பிடித்து விடும் கைதான் இங்கே கெடுதல் செய்துவிடும் என்பதால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இனி உங்கள் இடுப்பு. பிசியோதெரபிஸ்டாக நான் பார்த்தவரை, மசாஜுக்குப் போகிறவர்கள் பெயரைப் பார்த்துத்தான் தேர்வு செய்கிறார்கள். பெயரால் வரும் வித்தியாசம் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடல் முழுக்க இதமாகப் பிடித்து விட்டார்கள். இன்னொரு பிரிவினருக்கு வலிக்குக் காரணமான தசைகளைத் தேடி அழுத்தினார்கள். வாரம் ஒரு முறை, பத்து வாரம். மசாஜே செய்யாமல் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களைவிட இரண்டு பிரிவினரும் நன்றாகத் தேறினார்கள். ஆனால் அந்த இரண்டு முறைகளுக்குள் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கிடைத்த பலனும் பெரும்பாலும் தேய்ந்திருந்தது.

மசாஜ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். முட்டி இடித்துக்கொண்டால் நம் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது அல்லவா? தொடு உணர்வு முதுகுத்தண்டில் நுழையும்போது வலிச் செய்தியின் வழியைக் குறுக்கிவிடுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் முன்வைத்த விளக்கம் இது. கூடவே தசை தளர்கிறது, மனது அடங்குகிறது, நல்ல தூக்கம் வருகிறது. இவையெல்லாம் உண்மையான பலன்கள். கழிவு நச்சு வெளியேறும், கொழுப்பு கரையும், விலகிய டிஸ்க் உள்ளே போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் கேட்ட வகைகளில் ஸ்வீடிஷ் என்பது நமக்குப் புதிதல்ல. நீவுவது, பிசைவது, தேய்ப்பது, தட்டுவது, அதிரவைப்பது, அவ்வளவுதான். முதன்முறை போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். தாய் மசாஜில் எண்ணெய் கிடையாது. உடுத்திய உடையோடு தரையில் படுக்கவைத்து, அழுத்தி, கை கால்களை இழுத்து வளைப்பார்கள். 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற பெருமையுள்ள கலை. ஆனால் இடுப்பைப் பலமாக முறுக்குவது இப்போது உங்களுக்கு வேண்டாம். டீப் டிஷ்யூ மெதுவாக, ஆழமாக அழுத்தும் முறை. வலிக்க வலிக்கத்தான் நல்லது என்பது தவறு. உங்கள் மூச்சே அளவுகோல்: அழுத்தும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டால் அந்த அழுத்தம் அதிகம், உடனே சொல்லுங்கள்.

கேரள எண்ணெய் சிகிச்சை இதமானது. ஆனால் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், அது அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். சூடான கிழி (மருந்து வைத்துக் கட்டிய துணி மூட்டை) வைத்தால் தோல் கொப்பளித்த பிறகுதான் தெரியவரும். போவதற்கு முன் பாத உணர்ச்சியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கிழியின் சூட்டை உங்கள் முன்கையில் முதலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு வழியும் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணம் என்ற மசாஜும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் உட்பட அதற்குள்ளேயே ஒன்பது வகை. அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் விசாரியுங்கள். பயிற்சி பெற்றவர் உங்கள் சர்க்கரை, பழைய நோய் எல்லாம் கேட்டுவிட்டுச் செய்வார். அந்த விசாரிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒன்றுமே கேட்காமல் எண்ணெயை ஊற்றுகிற இடத்தில் படுக்காதீர்கள். யாராக இருந்தாலும் கழுத்தைச் சடாரென்று திருப்பிச் சொடுக்க விடாதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எந்த மசாஜுக்கும் போகும் முன் ஒன்றைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு குறைவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் பலவீனமாவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரிடம்தான் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அழுத்தமான மசாஜ் செய்துகொள்ளக் கூடாது.

உங்கள் வலி மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் புதிய இடுப்பு வலிக்கு மசாஜையும் ஒத்தடத்தையும் ஏற்கிறது. நாள்பட்ட வலிக்கு அது முன்னே வைப்பது உடற்பயிற்சியை. அதனால் ஏழு நாள் பேக்கேஜுக்கு மொத்தமாகக் கட்டாமல், வாரம் ஒன்றாக நான்கு முறை மசாஜ் போதும். வலி தணிந்திருக்கும் அந்த இரண்டு மூன்று நாளில் நடையும் இடுப்புப் பயிற்சியும் தொடங்குங்கள்.

தோள் இறுக்கத்துக்கு ஒரு டென்னிஸ் பந்து போதும். சுவரில் முதுகைச் சாய்த்து, தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் நடுவில் பந்தை வையுங்கள். எலும்பின் மேல் படக்கூடாது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி மடக்கி நிமிர்ந்தால் பந்து மேலும் கீழும் உருளும். உறுத்தும் இடம் வந்ததும் நிறுத்தி, ஐந்தாறு முறை மூச்சை மெதுவாக விடுங்கள். அந்த உறுத்தல் மெல்லக் கரைவது உங்களுக்கே தெரியும். கம்பெனியில் காலடியில் அரை அடி உயரப் பலகை ஒன்று போட்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலை அதில் வைத்து நின்று பாருங்கள். செக்கிங் மேசையை நான்கு விரல்கடை உயர்த்த முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கழுத்து குனிவது அதிலேயே பாதி குறையும்.