ஆங்கிலத்தில் ஸே, டெல் (கடந்த காலத்தில் ஸெட், டோல்ட்) இரண்டுக்கும் தமிழில் ‘சொல்’தானே? அப்படியென்றால் எப்போது எதைப் போடுவது?

டெல் போட்டால் யாரிடம் சொன்னோம் என்பது உடனே வந்தாக வேண்டும். ஸே போட்டால் என்ன சொன்னோம் என்பதுதான் முக்கியம். ஆளைச் சொல்லாமல் விடலாம், சொன்னால் நடுவில் ‘டு’ சேர்க்க வேண்டும். அதனால் ‘ஹீ டோல்ட் மீ’ சரி, ‘ஹீ ஸெட் டு மீ’யும் சரி. ‘ஹீ ஸெட் மீ’ தவறு. ‘ஹீ டோல்ட் தட் ஹீ வாஸ் சிக்’ என்பதும் தவறு.

கடைசியில் உள்ள தவறுதான் நம்மவர்களிடம் அதிகம் காதில் விழுகிறது. தமிழில் ‘உடம்பு சரியில்லைன்னு சொன்னான்’ என்றால் போதும், யாரிடம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் ஆளை விட்டுவிடுகிறோம்.

பள்ளிப் பாடத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச் நடத்தும்போது ‘ஸெட் டு வந்தால் டோல்ட் என்று மாற்று’ என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். விதியில் பிழையே இல்லை. ஆனால் நாளடைவில் அந்த ‘டு’ மறந்துபோய், ஸெட் எல்லாமே டோல்ட் ஆகவேண்டும் என்பது மட்டும் பிள்ளைகள் மனதில் தங்கிவிடுகிறது. ‘டு’ இருக்கிறது என்றால் கேட்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், அதனால்தான் டோல்ட். ஆள் இல்லாத ஸெட், ஸெட்டாகவே இருக்கும். காரணத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும்! மார்க் வாங்க விதி மட்டும் போதும் என்று விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

ஒருவரை ஏதாவது செய்யச் சொன்னாலும் டெல்தான்: ‘அம்மா டோல்ட் மீ டு வெயிட்’.

சரி, ‘டெல் எ ஸ்டோரி’, ‘டெல் எ லை’, ‘டெல் த ட்ரூத்’ இவற்றில் ஆளே இல்லையே என்று கேட்பீர்கள். இவை பழகிப்போன சேர்க்கைகள், அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பழைய ஆங்கிலத்தில் டெல் என்பதற்கு எண்ணுவது என்ற பொருளும் இருந்தது. வங்கியில் பணம் எண்ணித் தருபவருக்கு டெல்லர் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். ‘மொத்தத்தில்’ என்ற பொருளில் ‘ஆல் டோல்ட்’ என்கிறார்களே, அதிலும் அந்தப் பழைய பொருள் இருக்கிறது. கதை சொல்வதும் ஒவ்வொன்றாக எண்ணி வைப்பது போலத்தானே!

ஸே பக்கம் ‘ஸே ஸாரி’, ‘ஸே நோ’, ‘ஸே எ ப்ரேயர்’ எல்லாம் வரும். எழுத்தில் இருப்பதைச் சொல்லவும் ஸேதான்: ‘த போர்டு ஸேஸ் நோ பார்க்கிங்’. அப்புறம், எழுத்தைப் பார்த்து அதை ‘ஸேஸ்’ என்று நீட்ட வேண்டாம். ‘ஸெஸ்’ என்று குறுக்கித்தான் உச்சரிக்க வேண்டும்.