ஈகோவில் குடியேறலாமா?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் எங்கள் வீடு. வேலை கேரளத்தில், திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், மதியம் 2 மணி முதல் இரவு 11 வரை. முடிந்து வருவதற்குத் தோதான ரயில் இல்லை. பைக்கில் ஒரு வழிக்கே 55 கிலோமீட்டர். அங்கே அறை எடுத்தால் 9,000 வாடகை, 40,000 அட்வான்ஸ். பழைய மாருதி ஈகோ வேன் ஒன்று 2.75 லட்சத்துக்கு வருகிறது. கையில் ஒரு லட்சம் உண்டு, மீதிக்கு லோன். வாரத்தில் ஐந்து நாள் வேனிலேயே தங்கிவிட்டு லீவுக்கு ஊருக்கு வரலாம் என்று பார்க்கிறேன். சரிப்படுமா?

பதில்: அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் எங்களைக் கேட்டீர்களே, நல்லது. முதலில் கணக்கு.

இப்போது 22 நாளைக்கு 2,420 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால் 48 லிட்டர், நம் பக்கத்து விலையில் 4,900 ரூபாய். டயர், ஆயில் சேர்த்தால் ஆறாயிரம்.

இனி வேன். 2.75 லட்சம் கொடுத்து வாங்கி மூன்று வருஷம் கழித்து 1.6 லட்சத்துக்கு விற்றால் மாதத் தேய்மானம் 3,200. 1.75 லட்சம் லோனுக்கு 14 சதவீதம் என்றால் மாதத் தவணை ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் வட்டி மட்டும் சராசரி 1,100. இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் 1,500. படுக்கை, பேட்டரி, ஃபேன் செலவு 40,000-ஐப் பரப்பினால் 1,100. மாதம் நாலு தடவை ஊருக்கு 440, அங்கே அன்றாட ஓட்டம் 330, ஆக 770 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால் 5,200. பைக்குக்கு ஊற்றுவதைவிடக் கூடுதல்! பார்க்கிங் 2,000, குளியல், கழிப்பறை 1,000 என்று வைத்தாலும் 15,000-ஐத் தாண்டிவிட்டது. பைபாஸில் வந்தால் திருவல்லம் டோல் தனி.

அறை எடுத்து, பைக்கை அங்கேயே போட்டுவிட்டு, லீவுக்குக் குழித்துறை வரை ரயிலில் வந்தால் 10,000-க்குச் சற்று மேலே. அதே ஷிஃப்ட்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் ஆறாயிரத்துக்குள். நாங்கள் சொல்வது இதைத்தான். அட்வான்ஸ் கொடுக்கும்போது பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதை எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு எப்படியும் ஒரு வேன் வேண்டும், வீட்டில் கடை இருந்து அந்தச் சரக்கும் அதில் ஏறும் என்றால் தேய்மானத்தை முழுதும் உங்கள் தலையில் வைக்க வேண்டாம். வேனுக்குக் கணக்கு ஒத்துவரும் இடம் அது ஒன்றுதான்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் தூக்கம். 11 மணிக்கு வேலை முடிந்தால் கண் அயர இரவு ஒரு மணி ஆகும். காலை எட்டு வரையாவது தூங்க வேண்டும். தகரக் கூரையில் ஏழு மணிக்கே வெயில் அடிக்கத் தொடங்கிவிடும். கிழக்குப் பக்கம் சுவரோ பலாமரமோ மறைக்கிற இடம் கிடைத்தால்தான் ஆச்சு. பைபாஸ் ஓரத்தில் மட்டும் போடாதீர்கள், லாரிக்காரர் தூக்கக் கலக்கத்தில் ஒதுங்குகிற இடம் அது.

ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைமாட்டில் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டுங்கள். கேஸ் அடுப்பும் வேண்டாம். கசிந்தால் எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும்; நீங்கள் படுப்பதும் தரையோடுதான்.

கரண்டுக்கு சோலார் தேவையில்லை. 20 வாட் டி.சி. ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 160 வாட்-மணி எடுக்கும், லைட்டும் போனும் சேர்த்து 200. 12.8 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி இருக்கிறது. ஐந்து இரவு தாங்கும், லீவில் வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். பாசிட்டிவ் முனையை ஒட்டியே 30 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். அதே அளவு லெட்-ஆசிட் பேட்டரி மலிவுதான். ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். சோலாருக்காகக் கூரையில் ஓட்டை போட்டவர்கள் ஆனி ஆடி மழையில் தலைக்கு நேராகச் சொட்டு விழுவதைப் பார்த்தபடி விழித்திருப்பார்கள்.

சீட்டைக் கழற்றுவது, கட்டில் வெல்டு வைப்பது எல்லாம் வேண்டாம். ஆர்.சி.யில் உள்ளதை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, விபத்தானால் இன்ஷூரன்ஸ் கம்பெனி இதையே பிடித்துக்கொள்ளும். பின்சீட் முதுகு மடங்குகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மடங்கினால் அதன் மேல் 12 மி.மீ. மரைன் பிளைவுட் பலகை இரண்டு துண்டு, கீலால் இணைத்தது, வேண்டாதபோது எடுத்துவிடலாம். மஞ்சள் போர்டு சரக்கு ஈகோ மலிவாக வரும், ஏமாறாதீர்கள். எட்டு வயதுக்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். வேற்று மாநிலத்தில் ஒரே வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு கேட்பார்கள். வாராவாரம் ஊருக்கு வந்துபோவதற்குச் சான்றாகப் பெட்ரோல் ரசீதையும் ஃபாஸ்டேக் பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள்.

வண்டி குளச்சல், முட்டம் பக்கம் ஓடியதா என்று விசாரியுங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது தள்ளுகதவின் கீழ்த் தண்டவாளத்தையும் மிதியடிக்கு அடியில் உள்ள தகரத்தையும். மிதியடியைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் தட்டுங்கள். 'டொக்' என்று கேட்க வேண்டும். பொத்துக்கொண்டு உள்ளே போனால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் தெரிந்தவர் யாரிடமாவது ஒரு ஆம்னியோ ஈகோவோ இரவல் வாங்கி, சாரல் நாளில் உங்கள் வீட்டு முற்றத்திலேயே மூன்று இரவு படுங்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, கொசுவலை கட்டி, விடியும் முன் வீட்டுக்குள் ஓடாமல். காலையில் கூரைத் தகரத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், உங்கள் மூச்சுக்காற்றே ஈரமாகப் படிந்திருக்கும். அப்புறம் மெத்தையைப் புரட்டி அடிப்பக்கத்தைத் தொடுங்கள். மூன்றாம் நாள் அங்கே பூஞ்சை வாடை அடித்தால் அந்த ஒரு லட்சத்தில் இருபதாயிரத்தை எடுத்து அறை அட்வான்ஸில் உங்கள் பங்கைக் கட்டிவிடுங்கள்.