கடல் நுரை கல்லாகுமா? கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

பாம்பனில் ஒரு மீன் கம்பெனியில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். இப்போது கிளிஞ்சல், பாசி, பறவை, நட்சத்திரம் என்று கண்டதையெல்லாம் நோட்டில் எழுதியும் வரைந்தும் திரிகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். ஊரே கொஞ்சம் ஓய்ந்திருந்த அந்த நாட்களில் வந்த கேள்விகள் இவை. படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

மண்டபம், வங்கி ஊழியர், 44 வயது: சின்ன வயதில் எதைக் கண்டாலும் நோண்டிப் பார்ப்பேன் ஐயா. இப்போது எதிலும் மனம் ஒட்டவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

சின்ன வயதில் நீங்கள் கேட்டு, யாரோ "சும்மா இரு" என்று அடக்கிய கேள்வி ஒன்றாவது இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

என்னுடையது கடல் நுரை. கரையில் ஒதுங்கும் வெள்ளை ஓடு, நாட்டு மருந்துக் கடையில்கூட 'கடல்நுரை' என்றே கேட்டு வாங்குவார்கள். நுரை காய்ந்து கல்லாகிவிடும் என்றார் அப்பா. கையில் அள்ளிய நுரை காற்றில் கரைந்து போகிறதே, அது எப்படிக் கல்லாகும் என்று திருப்பிக் கேட்டேன். முதுகில் ஒன்று விழுந்தது. அதோடு சரி.

ஓய்வு பெற்ற வருடம், வீட்டில் கணவாய் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என் மனைவி அதன் முதுகைக் கீறி, வெள்ளை ஓடு ஒன்றை உருவிக் குப்பையில் போட்டாள். அதே கடல்நுரை! 'ஓட்டுக் கணவாய், இத்தனை கிலோ' என்று 31 வருடம் எழுதியிருக்கிறேன். பெயரிலேயே ஓடு இருக்கிறது. ஒரு நாளும் என்ன ஓடு என்று கேட்டதில்லை.

ஓட்டைக் கழுவிக் காயவைத்து, பிளேடால் குறுக்கே வெட்டி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடுக்கடுக்காக மெல்லிய அறைகள். அந்த அறைகளில் வாயுவும் கொஞ்சம் நீரும் இருக்கும் என்றும், அந்த அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் கடலில் ஏறி இறங்குகிறது என்றும் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். செத்தபின் உடல் அழுகிவிடும், ஓடு மட்டும் மிதந்து கரை சேரும். ஐம்பது வருடக் கேள்விக்கு அரை மணி நேரத்தில் பதில் கிடைத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

தொண்டி, தையல் கடைக்காரர்: கீபோர்டு வாங்கினேன், ஓவியம் பழகினேன், ஜெர்மன் மொழியும் தொட்டேன். எல்லாமே பாதியில் நிற்கிறது அண்ணே.

நிற்கட்டுமே. பிள்ளைகள் மணல் வீட்டை முடித்துவிட்டா எழுந்து போகிறார்கள்? நம் தப்பு பாதியில் விடுவது இல்லை, முதல் நாளே முழுச் செலவையும் செய்வது. கீபோர்டு வாங்கும் முன்னால் யார் வீட்டிலாவது ஒரு மாதம் தட்டிப் பார்த்திருக்கலாம்.

கீழக்கரை, இல்லத்தரசி: என் உம்மாவின் உம்மா எழுதிய நோட்டு ஒன்று கிடைத்தது. எழுத்து அரபு மாதிரி இருக்கிறது, ஆனால் ஓதிப் பார்த்தால் அரபு இல்லை. இந்த வயதில் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா சார்?

தங்கச்சி, நீங்கள் பாதிக்கு மேல் கற்றாயிற்று. அது அரபுத்தமிழாகத்தான் இருக்க வேண்டும். எழுத்து அரபு, மொழி நம் தமிழ். உங்கள் ஊர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் நூல்களே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் போகாத பெண்கள்கூட, ஓதப் பழகிய எழுத்தை வைத்தே இதைப் படித்தார்கள்.

குர்ஆன் ஓதத் தெரிந்த உங்களுக்கு எழுத்து புதிதில்லை. அரபியில் இல்லாத ப, ங, ழ போன்ற ஒலிகளுக்கு மட்டும் அரபு எழுத்தில் கூடுதலாகப் புள்ளி வைத்தோ கொஞ்சம் மாற்றியோ எழுதியிருப்பார்கள். அவற்றைத் தனித் தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்கு அது அந்நியமாகவே தெரியும், காதுதான் முதலில் கண்டுபிடிக்கும். 'இன்ஷா அல்லாஹ்' தாண்டி ஒரு 'வந்தார்கள்' கேட்டுவிட்டால் போதும், மற்றது தானாக வரும். தடுமாறினால் ஊரில் வயதான லாத்தாக்கள் யாரிடமாவது உட்காருங்கள். நோட்டில் இருப்பது பாட்டாக இருந்தாலும் சரி, மருந்துக் குறிப்பாக இருந்தாலும் சரி, எனக்கும் ஒரு வரி சொல்லுங்கள். ஆவலாக இருக்கிறது.

ராமநாதபுரம், கல்லூரி மாணவர்: நட்சத்திரம் பார்க்க எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?

எதுவும் வேண்டாம் தம்பி. நான் 6,000 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். பெட்டியில் சனியின் வளையம் பளபளவென்று அச்சாகியிருந்தது. உள்ளே இருந்த முக்காலி காற்றடித்தாலே நடுங்கும், கச்சான் காற்று வீசும் ஊரில் அதை வைத்து என்ன செய்ய? மாற்றித் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். இப்போது அதில் துணி காய்கிறது.

கையை நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த அகலம் வானத்தில் ஏறக்குறைய 10 பாகை. துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுதான் அந்த ஊரின் அட்சரேகை. நம் பக்கம் 9 பாகைக்குச் சற்று மேல். ஆகவே வடக்கே, பெண்கடல் என்கிற பாக் நீரிணைக்கு மேல், ஒரு முஷ்டி உயரத்தில் அது நிற்கும். சப்தரிஷி மண்டலத்தைப் பிடித்தால் அது வழி காட்டும்.

மே மாதம் நடுவில், இரவு ஒன்பது மணி வாக்கில் அப்படியே திரும்பித் தெற்கே, ஆண்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் பாருங்கள். இரண்டு முஷ்டி உயரத்தில் தென் சிலுவை நிற்கும். வடக்கின் துருவ நட்சத்திரமும் தெற்கின் சிலுவையும் ஒரே இரவில் ஒரே இடத்திலிருந்து தெரியும்! டெல்லிக்காரருக்கு இந்தக் கொடுப்பினை லேசில் கிடைக்காது. இதெல்லாம் பார்த்து ஒரு வருடம் கழித்தும் ஆசை இருந்தால் பைனாகுலர் வாங்குங்கள்.

மண்டபம் அருகே, பட்டதாரிப் பெண்: அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். எனக்குப் பாசிகளைப் பாடம் செய்து சேர்க்க ஆசை. யாரிடம் படிப்பது?

உங்கள் அம்மாவிடம். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று அவர் சொல்லும் பெயரை முதலில் எழுதுங்கள். எந்த மாதம், எந்தப் பாறை, கைக்கு எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அறிவியல் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். மரிக்கொழுந்திலிருந்து அகர் (ஜெல்லி போல உறையும் பொருள்) எடுக்கிறார்கள் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கலாம்.

கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிப் பாசியை மிதக்கவிட்டு, அடியில் கெட்டித் தாளை நுழைத்து, குச்சியால் கிளைகளை விரித்துவிட்டு மெதுவாகத் தூக்குங்கள். மேலே பழைய வேட்டித் துணி, அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் அம்மிக்கல். செய்தித்தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். மெல்லிய பாசிகள் தம் பசையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். கட்டக்கோரை மாதிரித் தடித்தவை ஒட்டாது, ஊசி நூலால் தைத்துவிடுங்கள். என் முதல் பத்துத் தாள்கள் நாறிப்போய் வாசலுக்கு வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தேவிபட்டினம், படகு மெக்கானிக்: காலையிலிருந்து இரவு வரை இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறேன். இதெல்லாம் நேரமும் காசும் உள்ளவர்களுக்குத்தானே?

பாதி உண்மை. எனக்கே ஓய்வூதியம் வந்தபின்தான் கணவாயைப் பிளக்கத் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் இன்ஜின் சத்தம் மாறினால் எது கெட்டது என்று உங்களுக்குத் தெரியும் இல்லையா? அதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? போனில் அந்தச் சத்தங்களைப் பதிந்து, 'இது இன்ன கோளாறு' என்று ஒரு வரி சேருங்கள். தனியாக நேரம் வேண்டாம். அலுத்துப்போனால் விட்டுவிட்டுத் தூங்குங்கள், அதுவும் தேவைதான்.

ராமேஸ்வரம், தந்தை: மகளோடு கிளிஞ்சல் சேர்க்கிறோம். எதையெல்லாம் எடுக்கக் கூடாது?

பவளம் செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள், சட்டப்படி குற்றம். கடல் குதிரையும் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் அட்டையும் அப்படியே. சங்குகளிலும் தடைசெய்யப்பட்ட வகைகள் உண்டு, பெரிய சங்கு கிடைத்தால் வனத்துறையில் கேட்டுவிட்டு எடுங்கள். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் தீவுகளில் அனுமதியின்றி இறங்கவும் கூடாது. அப்புறம், சங்குக்குள் நண்டு குடியிருக்கிறதா என்று ஒரு நிமிடம் கீழே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்கு அந்த ஒரு நிமிடம்தான் பிடிக்கும்.

சாயல்குடி, தாய்: ஏழு வயது மகன் கேட்கிறான், குட்டி நண்டு ஏன் மணலை உருண்டை உருண்டையாக உருட்டிப் போடுகிறது என்று. பதில் சொல்லுங்கள் மாமா.

இதை நீங்கள் மட்டும் படியுங்கள்மா, அவனுக்குக் காட்ட வேண்டாம். நண்டு ஈர மணலை வாய்க்குக் கொண்டுபோய், அதில் ஒட்டியிருக்கும் நுண்ணிய இரையைத் தின்றுவிட்டு மிச்ச மணலை உருண்டையாக்கிப் போடுகிறது.

கடல் வற்றியிருக்கும் நேரத்தில் அவனைக் கூட்டிப்போய், வளைக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் அசையாமல் உட்காரச் சொல்லுங்கள். நிழல் விழுந்தாலே நண்டு உள்ளே போய்விடும். உருண்டைகள் வளையைச் சுற்றி எப்படிப் பரந்து கிடக்கின்றன, நண்டு ஓடித் திரும்ப வழி எங்கே விட்டிருக்கிறது என்று அவனையே வரையச் சொல்லுங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள். என் நோட்டில் இருக்கும் படத்தோடு ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும்.