குறிக்கருவி இல்லாத வில்லில் வேட்டைக்குப் பழகுவது எப்படி?

ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) உள்ளுணர்வால் குறிபார்த்து எய்தால் 10 மீட்டரிலேயே அம்பு சிதறுகிறது என்கிறீர்கள். கொஞ்ச நாள் இலக்கை மறந்துவிடுங்கள். வைக்கோல் கட்டுக்கு 2 மீட்டர் முன்னால் நின்று, அம்பை நேராகப் பிடித்தபின் கண்ணை மூடி எய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நாண் இழுக்கும் விரல் நுனி வாயோரத்தில் அதே இடத்தைத் தொட வேண்டும். ஒரு நொடி நிறுத்தி, விரல்களைத் தளர்த்தினால் போதும். கை கன்னத்தை உரசியபடி காதுப்பக்கம் போகும். வெளிப்பக்கம் விலகினால் நாணைப் பிடுங்குகிறீர்கள். வலக்கைக்காரருக்கு அம்பு பெரும்பாலும் இடப்பக்கம் ஓடுவது இதனால்தான். சலிப்பான வேலை, ஆனால் குறுக்குவழி இல்லை.

அடுத்து 8 மீட்டர். பெரிய வட்டம் வேண்டாம், நாணயம் அளவுப் புள்ளி போதும். அம்பு தைக்கும்வரை கண்ணும் வில் பிடித்த கையும் அசையக் கூடாது. எங்கே போகிறதென்று எட்டிப் பார்க்கக் கையை இறக்கினால் அம்பும் கீழே போகும். வாயோரம் வருமுன்பே நாண் நழுவினால் வில்லின் இழுவிசை உங்களுக்கு அதிகம். 30, 35 பவுண்டு இழுவிசை உள்ள வில்லில் பழகிவிட்டு ஏறுங்கள். தோள் களைத்தால் நிறுத்திவிடுங்கள், களைப்பில் எய்தால் பிழைதான் பழகும்.

பிறகு மொட்டை முனை அம்போடு வெளியே போய், தூரத்தை அளக்காமல் மட்கிய மரக்கட்டைகளை எய்யுங்கள், மண்டியிட்டும்கூட. வேட்டைமுனை பயிற்சிமுனையின் எடையிலேயே இருக்கட்டும். இருந்தாலும் எய்து சரிபாருங்கள்.

காட்டில் கிடைப்பது ஓர் அம்புதான். அதனால் தினமும் உடல் சூடாகுமுன் எய்யும் முதல் அம்பை மட்டும் குறித்து வையுங்கள். அது 15 செ.மீ. வட்டத்துக்குள் தவறாமல் விழும் தூரம்தான் உங்கள் வேட்டை எல்லை.