ரைசன் விற்பவர் ரைசன் பங்கை வாங்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் இன்டெல் மட்டும் கேட்டவர்கள் இப்போது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் சிப்பைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். சிட்டி (சீட்டு) எடுத்த பணம் 2 லட்சம் கையில் இருக்கிறது. ஏ.எம்.டி. பங்கு வாங்க ஆசை. பொள்ளாச்சி மச்சானோ, படுத்த யானை எழுந்திருக்கும், இன்டெலை வாங்கு என்கிறார். தோற்றவர் பிரியாணி வாங்கித் தருவதாகப் பந்தயம். யார் பக்கம் நியாயம்? மகளின் கல்லூரிக் கட்டணம் வரும் ஜூனில் கட்ட வேண்டும்.

பதில்: ஜூன் கட்டணத்தைக் கடைசி வரியில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அந்தத் தொகை இன்றே வங்கி வைப்புக்குப் போகட்டும். மீதியைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் கடையில் தெரிவது பொய்யல்ல. ஆனால் 2015ஐ நினைத்துப் பாருங்கள். ஏ.எம்.டி. பங்கு 2 டாலருக்கும் கீழே கிடந்தது. லிசா சூ தலைமைப் பொறுப்புக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. முதல் ரைசன் வந்ததே 2017இல்தான். அப்போது உங்களிடம் ஏ.எம்.டி. கேட்டு எத்தனை பேர் வந்தார்கள்? வாங்கியிருக்க வேண்டிய நாளில் உங்கள் கல்லா 'வேண்டாம்' என்றுதான் சொல்லியிருக்கும். அதுபோலவே 2000இல் எந்தக் கடைக்காரரும் இன்டெலுக்குக் கைகாட்டியிருப்பார். அன்று விலை ஏறத்தாழ 75 டாலர். 24 வருடம் கழித்து 20 டாலர் அளவில் நின்றது. கடைக்கு வருபவர்கள் கேட்கத் தொடங்கும்போது அந்தச் செய்தி பங்கின் விலையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

மச்சானும் துள்ள வேண்டாம். ஏ.எம்.டி. தன் ஆலைகளை 2009இலேயே பிரித்துவிட்டு, சிப்பை வடிவமைப்பதோடு நின்றுகொண்டது. இன்று அதன் முக்கிய சிப்கள் தைவானின் டி.எஸ்.எம்.சி.யில் தயாராகின்றன. இன்டெல் சொந்த ஆலைகளைக் கட்டிக் காக்கிறது. நவீன ஆலை ஒன்றுக்கே ஆயிரம் கோடி டாலருக்கு மேல் ஆகும். 2024இல் இன்டெலின் நஷ்டம் 1,800 கோடி டாலரைத் தாண்டியது, ஈவுத்தொகையும் நின்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அரசே ஏறக்குறைய 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ள, யானை கொஞ்சம் அசைந்தது. இதைப் பொள்ளாச்சியில் உட்கார்ந்து யார் கணித்திருக்க முடியும்? இதற்கிடையில், நீங்கள் இருவரும் பந்தயத்தில் சேர்க்காத இன்னொரு சிப் நிறுவனமான என்விடியா, 2024 நவம்பரில் அமெரிக்காவின் 30 பெரிய நிறுவனங்களைக் கொண்ட டவ் ஜோன்ஸ் பட்டியலில் இன்டெலின் நாற்காலியிலேயே அமர்ந்துவிட்டது.

ஆகவே விளையாட்டுக்கு ஆளுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் வேண்டாம். ஓணம் பம்பர் டிக்கெட் வாங்கும் மனநிலையில் போடுங்கள். பங்கு டிக்கெட்டைப் போல ஒரே நாளில் வெறும் காகிதமாகிவிடாது என்பது கூடுதல் ஆறுதல். இவை அமெரிக்கப் பங்குகள், பணம் வெளிநாட்டுக்குப் போக வேண்டும்; மாதம் 2,000 என்று பிரித்து அனுப்பாதீர்கள், வங்கிக் கட்டணமும் டாலர் மாற்றும் செலவும் தின்றுவிடும். ஒரே தவணையாக அனுப்புங்கள். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியை நிரப்ப வேண்டும். லாபம் வரவில்லையே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பந்தயத்துக்கு மூன்று வருடக் கெடு வைத்து, ஏன் வாங்கினீர்கள் என்று இருவரும் இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இடையில் இன்டெல் சரிந்தால் விற்றுவிடச் சொல்லி மச்சானை மிரட்டாதீர்கள், பிரியாணிக்கு எதிராளி வேண்டுமல்லவா?