மகள் குப்பை வேலைக்கா படிக்கப் போகிறாள்?

அம்மா, உங்கள் மகள் உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பம் படிக்கிறாள். பரீட்சை முடிந்ததும் சுழற்சிப் பொருளாதாரம் சார்ந்த வேலைக்குப் போகப் போவதாகச் சொல்கிறாள். "மூன்று தலைமுறையாக மலையில் கொழுந்து பறித்தோம், இவளும் குப்பை அள்ளவா?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது. அதனால் பதிலையும் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பொருளை எடுத்து, பாவித்து, எறிந்துவிடாமல் மறுபடியும் உற்பத்திக்குள் கொண்டுவருவதுதான் சுழற்சிப் பொருளாதாரம். கவ்வாத்து வெட்டிய வாதுகளைத் தேயிலை வரிசைக்குள்ளேயே போட்டு மண்ணை மூடுவதும் இதுதான். நாட்டுக்கு இது ஏன் அவசரம்? வழமைப்படி போனால் வெளியேறும், பூமியைச் சூடாக்கும் பச்சைவீட்டு வாயுவில் 14.5 சதவீதத்தை 2030க்குள் குறைப்பதாக இலங்கை 2021இல் உலகுக்கு வாக்குக் கொடுத்தது. அதில் 4 சதவீதம் சொந்த முயற்சி, மிகுதி 10.5 சதவீதம் வெளியுதவி கிடைத்தால். கழிவு முகாமைத்துவம் அந்தத் திட்டத்தில் ஒரு தனித் துறை. ஈரக் குப்பை காற்றுப் படாமல் குவிந்து கிடந்தால் மெதேன் வரும். அது நூறு ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அந்தக் குவியல் உயிரையும் எடுக்கும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

இந்தத் துறையில் சம்பளம் குப்பை அள்ளுவதற்கு அல்ல, அளப்பதற்கு. நுவரெலியா மரக்கறியையே எடுத்துக்கொள்வோம். கோவா, லீக்ஸ் கழிவு 1000 கிலோ வந்தால் அதில் 900 கிலோ தண்ணீர். கழிவை மக்கவைத்து எருவாக்கும் கூட்டெருக் குவியலில் ஈரம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 15 சதவீத ஈரமுள்ள மரத்தூளோ காய்ந்த சவுக்கு இலையோ கலந்து ஈரத்தை 60க்கு இறக்க, ஏறத்தாழ 670 கிலோ வேண்டும். அவ்வளவுக்கு எங்கே போவது? கழிவைக் கூரைக்குக் கீழே பரப்பி 300 கிலோ தண்ணீரைப் போகவிட்டால், 400 கிலோ உலர்பொருள் போதும். இந்தக் கணக்குத் தெரியாமல் அப்படியே குவிப்பதால்தான் பல கூட்டெரு நிலையங்கள் நாறுகின்றன, அயலவர்கள் முறைப்பாடு செய்கிறார்கள். பிறகு அந்த நிலையத்தை மூடச் சொல்லும் குரல்தான் வரும்.

ஈரத்தோடு காபன்–நைதரசன் விகிதத்தையும், அதாவது ஒரு பங்கு நைதரசனுக்கு எத்தனை பங்கு காபன் என்பதையும், பார்க்க வேண்டும். அது 25 முதல் 30க்குள் இருப்பது நல்லது. மரத்தூள் மிஞ்சினால் குவியல் சூடேறாது. பச்சைக் கழிவு மிஞ்சினால் அமோனியா மணக்கும். குவியலின் உயரம் ஒன்று முதல் ஒன்றரை மீற்றர். நடுவில் வெப்பமானியைக் குத்தினால் 55 முதல் 65 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். 70ஐத் தாண்டினால் புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் நல்ல நுண்ணங்கிகள் செத்துவிடும். மலைநாட்டுக் குளிரிலும் மழையிலும் சிறிய குவியல் சூட்டைத் தக்கவைக்காது. கூரையும் வடிகாலும் இல்லாவிட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். இதை நாளாந்தம் பதிந்து, கெட்டுப்போன குவியலைத் திருத்தத் தெரிந்தவர்களைத்தான் பிரதேச சபைகளும் பண்ணைகளும் ஹோட்டல்களும் தேடவேண்டியிருக்கும்.

சாணத்தையும் உணவுக் கழிவையும் மூடிய தொட்டியில் புளிக்கவைத்து எடுக்கும் எரிவாயுவான உயிர்வாயுவிலும் இதே கதைதான். ஒரு மாடு நாளுக்குப் பத்துக் கிலோ அளவில் சாணம் போடும். சூடான பிரதேசத்தில் ஒரு கிலோ சாணத்திலிருந்து ஏறத்தாழ 40 லீற்றர் வாயு கிடைக்கும். 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அந்தக் கணக்கை நம்பித் தொட்டி கட்டினால் ஏமாற்றம் நிச்சயம். நுண்ணங்கிகள் 35 பாகையில் நன்றாக வேலை செய்யும், 15க்குக் கீழே சோர்ந்துவிடும். அதனால் தொட்டியை நிலத்துக்குள் இறக்கி, கரைசல் உள்ளே நிற்கும் நாட்களையும் கூட்டிக் கட்ட வேண்டும். சோற்றுக் கழிவை ஒரே நாளில் அதிகம் கொட்டினால் தொட்டியில் அமிலம் கூடி, வரும் வாயு எரியாமல் போகும். அப்போது கொட்டுவதை நிறுத்தி, சாணக் கரைசல் விட்டுக் காத்திருப்பதே வழி.

இன்னொரு வழியைப் பலர் கவனிப்பதில்லை: குளிர்சாதனப் பெட்டி திருத்தும் தொழில். ஒரு வீட்டுப் பெட்டியில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-134ஏ என்ற வாயு 120 கிராம் இருக்கிறது என்று வையுங்கள். அதன் வெப்பமாக்கும் திறன் காபனீரொட்சைட்டைப் போல் 1430 மடங்கு. குழாயை வெட்டி வெளியே விட்டால் 170 கிலோ காபனீரொட்சைட்டு விட்டதற்குச் சமம். மீட்பு இயந்திரத்தால் அதைச் சிலிண்டரில் பிடித்தால் மறுபடி பாவிக்கலாம். சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, வெடிக்கும் ஆபத்து உண்டு. இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் கிகாலி உடன்படிக்கையை இலங்கை 2018இல் ஏற்றது. எனவே மீட்கத் தெரிந்தவருக்கு வேலை கூடத்தான் செய்யும். பெண் பிள்ளைக்குச் சரிவருமா என்று யோசிக்காதீர்கள். நாளெல்லாம் கொழுந்துக் கூடையோடு மலையேறும் உங்களைவிட அவள் பாரம் தூக்கப்போவதில்லை.

இனிப் படிப்பு. "சுழற்சிப் பொருளாதாரம்" என்று பெயர் போட்ட குறுங்காலச் சான்றிதழுக்கு அதிகப் பணம் கட்டாதீர்கள். கையில் ஒரு தொழில் இருக்கட்டும், அந்தப் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொள்ளும். பெறுபேறு போதுமானால் தொழினுட்பத் துறை மாணவர்களுக்கான பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஆங்கிலத்தில்தான் படிப்பு, ஆகவே பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுக்கட்டும். பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டாலும் கதவு மூடவில்லை. தேசிய தொழிற் தகைமையில், அதாவது என்.வி.கியூ.வில், 4ஆம் மட்டம் கைத்தொழில் தேர்ச்சி, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். படிப்படியாக ஏறலாம். உங்கள் கணவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொதிகலன் பார்ப்பவர் என்று எழுதியிருந்தீர்கள். முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை அவருக்கும் உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

சேர்வதற்கு முன் நிலையத்தில் கேட்கவேண்டியவை இவை: இந்தக் கற்கைநெறி மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, என்.வி.கியூ. அங்கீகாரம் உண்டா? நிலையத்துக்குப் பதிவு இருந்து கற்கைநெறிக்கு அங்கீகாரம் இல்லாத இடங்களில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். தொழிலிடப் பயிற்சியை அவர்களே ஒழுங்கு செய்வார்களா? தமிழ் மொழிமூல வகுப்பு உண்மையில் நடக்கிறதா? "உண்டு" என்று சொல்லிச் சேர்த்துவிட்டுச் சிங்கள வகுப்பில் உட்காரவைத்தால், பிள்ளை மூன்றாம் மாதமே வீட்டுக்கு வந்துவிடுவாள். அதனால் தமிழில் படித்து முடித்த ஒருவரைக் கண்டு பேசாமல் பணம் கட்டாதீர்கள்.

உங்கள் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். தேசிய அடையாள அட்டை, சாதாரண தரப் பெறுபேறு ஆகியவற்றின் பிரதிகளோடு மகளையே அனுப்புங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும். போகும் முன் இரண்டு வாரம் லயத்துக் குசினிக் கழிவை நாள்தோறும் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியையும் அவள் கையோடு கொண்டுபோகட்டும்.