சின்ன விடுதியின் வெப்சைட்டைப் பார்த்து ஏன் யாருமே கூப்பிடுவதில்லை? என்ன மாற்றலாம்?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக: கன்னியாகுமரி மாவட்டத்தில் திற்பரப்பு அருவிக்குப் பக்கத்தில் ஆறு அறைகள் உள்ள விடுதி. இரண்டு வருடத்துக்கு முன் காசு கொடுத்து வெப்சைட் செய்து வாங்கினார்கள். முதல் பக்கத்தில் வள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, சூரிய உதயம் என்று படங்கள் ஓடுகின்றன. வருபவர்கள் எல்லோரும் புக்கிங் ஆப் மூலமாகவோ தெரிந்தவர் சொல்லியோதான் வருகிறார்கள். சைட்டைப் பார்த்து வந்தவர் ஒருவர்கூட இல்லை.

நான் வெப் டிசைனர் இல்லை. கன்னியாகுமரியில் என் தாய்மாமா நடத்தும் பதினோரு அறை லாட்ஜின் சைட்டை நாலு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். நாங்களும் நீங்கள் செய்த தப்பையெல்லாம் செய்தவர்கள்.

முதலில் அந்த வள்ளுவரை எடுத்துவிடுங்கள். உங்கள் விடுதியிலிருந்து அவர் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி, கடலுக்குள் நிற்கிறார். அந்தப் படத்தைப் பார்ப்பவர் கடற்கரை லாட்ஜ் என்று நினைப்பார். மேப்பைத் திறந்ததும் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று மூடிவிடுவார். அருவிக்காக வர நினைப்பவரோ, இது நமக்கான இடம் இல்லை என்று போய்விடுவார். இரண்டு பக்கமும் நஷ்டம்.

எங்கள் பழைய சைட்டில் 'விருந்தோம்பலே எங்கள் உயிர்மூச்சு' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதைப் படித்து யாரும் ரூம் போட்டதாகத் தெரியவில்லை. ஒரு மாதம் மாமாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, போனில் கூப்பிடுபவர்கள் என்ன கேட்கிறார்களோ அதை அப்படியே எழுதி வைக்கச் சொன்னேன். அந்த நோட்டுதான் எங்கள் இப்போதைய வெப்சைட். விடிகாலை நாலு மணிக்கு வந்தால் ரூம் தருவீர்களா? டூரிஸ்ட் பஸ் நிறுத்த இடம் உண்டா? சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறோம், சமைக்க இடம் கிடைக்குமா? டிரைவர் எங்கே படுப்பார்? அம்மாவுக்கு முட்டுவலி, கீழ்த்தளத்தில் ரூம் இருக்கிறதா? வெந்நீர் எத்தனை மணி வரை வரும்? இதில் ஒன்றுக்குக்கூட பழைய சைட்டில் பதில் இல்லை. விருந்தோம்பல் மட்டும் இருந்தது.

இவற்றில் முக்கியமானது செக்-இன் நேரம். கன்னியாகுமரிக்கு வருபவர் உதயம் பார்க்க வருகிறார். மே மாதக் கடைசியில் ஆறு மணி வாக்கிலேயே சூரியன் வந்துவிடும். ஜனவரிக் கடைசியில் 6.40 ஆகும். பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் ரூம் என்றால் அவருக்கு எதற்கு அந்த ரூம்? எங்கள் ஊர் லாட்ஜுகளில் பல, எப்போது வந்தாலும் அங்கிருந்து 24 மணி நேரம் என்று கணக்கு வைப்பதற்கு இதுதான் காரணம். மாமாவும் முப்பது வருடமாக அப்படித்தான் கொடுக்கிறார். ஆனால் சைட்டில் மட்டும், எங்கோ பார்த்து நகல் எடுத்த 'செக்-இன் 12 மணி' இருந்தது. எத்தனை பேர் அதைப் பார்த்துத் திரும்பிப் போனார்களோ!

அடுத்தது 'கடல் தெரியுமா?' இதற்கு மாமா போனில் சொல்லும் பதில்: "மூணாவது மாடியில ரெண்டு ரூம்ல ஜன்னலு பக்கம் நின்னா தெரியும். கட்டில்ல இருந்தா தென்னைதான் தெரியும் மக்கா." நான் இதையே கொஞ்சம் திருத்தி சைட்டில் போட்டேன். கூடவே கட்டிலில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று, ஜன்னலில் நின்று எடுத்த படம் ஒன்று. மாமாவுக்குக் கோபம். "இருக்கிற ஆளையும் விரட்டுதியே" என்றார். ஆனால் அந்த இரண்டு ரூம்தான் முதலில் போகிறது. கடல் தெரியாத ரூமுக்கு வருகிறவர்கள் தெரிந்தே வருகிறார்கள். வந்து சண்டை போடுவதில்லை.

அஸ்தமனத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. கடலுக்குள் சூரியன் இறங்கும் படம் ஒன்றை வைத்திருந்தோம். ஜூனில் வந்த ஒரு குடும்பம் இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, பொய்ப்படம் என்று ரிவியூ எழுதிவிட்டுப் போனது. படம் உண்மைதான், எடுத்தது டிசம்பரில். டிசம்பரில் சூரியன் தென்மேற்கே இறங்குவதால் முனையிலிருந்து பார்த்தால் கடலில் விழும். ஜூனில் மேற்குக்கு வடக்கே தள்ளி, கரைப் பக்கம் போய் மறைந்துவிடும். போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவமழை மேகம் வேறு. இப்போது எந்தெந்த மாதம் என்ன தெரியும் என்று ஒரு பக்கமே எழுதி வைத்திருக்கிறோம். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு பற்றியும் ஒரு பக்கம் உண்டு: கடல் சீற்றமாக இருந்தாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் நிறுத்திவிடுவார்கள், 2024 டிசம்பர் கடைசியில் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு பாறைக்குப் போய்விட்டால் சிலைக்கு நடந்தே போகலாம் என்றெல்லாம். எங்கள் சைட்டில் ஆட்கள் அதிகம் வந்து சேர்வது இந்த இரண்டு பக்கங்களுக்குத்தான். கூகுளில் 'கன்னியாகுமரி லாட்ஜ்' என்று தேடுகிறவர் கண்ணில் பட, பெரிய கம்பெனிகளோடு மோத வேண்டும். 'ஜூனில் அஸ்தமனம் தெரியுமா' என்று தேடுகிறவருக்குப் பதில் எழுதிவைத்தவர்கள் குறைவு.

உங்களுக்கு இதேபோன்ற கேள்வி கையிலேயே இருக்கிறது: 'அருவியில் குளிக்க விடுகிறார்களா?' மழைக் காலத்தில் கோதையாற்றில் வெள்ளம் வந்தால் தடை போட்டுவிடுகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருபவருக்கு இதைவிடப் பெரிய கவலை என்ன? தினமும் காலையில் அருவியை போனில் ஒரு படம் எடுத்து, 'இன்று தண்ணீர் நிறைய, குளிக்கலாம்' என்று தேதியோடு சைட்டிலும் கூகுள் பிசினஸ் கணக்கிலும் போடுங்கள். ஐந்து நிமிட வேலை. அப்புறம் சுற்றுவட்டாரம்: 1966இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோவில், பேச்சிப்பாறை அணை, சிதறால் மலைச் சமணச் சிற்பங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும், சிதறாலில் வெயில் ஏறும் முன் ஏறிவிட வேண்டும், எங்கே காரை விடலாம், எந்தக் கடையில் மத்தியானம் மீன் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று, உங்கள் சொந்தக்காரர் வந்தால் சொல்வதை எழுதுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்றால், எங்களுக்கு வங்காளிகளும் இந்தி பேசுபவர்களும் நிறைய வருகிறார்கள். பூஜை விடுமுறையில் வங்காளிகள், கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சீசனில் ஆந்திரா, கர்நாடகா. அதனால் இந்தியிலும் பெங்காலியிலும் ஒவ்வொரு பக்கம் வைத்தோம். உங்களுக்கு மலையாளம்தான் முதலில் வேண்டும். மிஷின் மொழிபெயர்ப்பை அப்படியே போடாமல், மார்த்தாண்டம் பக்கம் மலையாளம் நன்றாக எழுதுகிற யாரிடமாவது காட்டிவிட்டுப் போடுங்கள். நம் மாவட்டத்தில் அப்படி ஆள் கிடைப்பதா கஷ்டம்?

டெக்னிக்கல் விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வருபவர்களில் பெரும்பாலானோர் போனில்தான் பார்க்கிறார்கள், அதுவும் உங்கள் மலைப்பக்கம் சிக்னல் ஒரு கோடு. போன் கேமராவில் எடுத்த ஐந்து எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். 200 கேபிக்குள் சுருக்குங்கள். தானாக ஓடும் படங்களும் பின்னணி இசையும் வேண்டாம். (இசை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. எங்கள் சைட்டில் வீணை இருந்தது.) பக்கம் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று சொல்லும் கூகுளின் பேஜ்ஸ்பீடு சோதனை இலவசம், ஒருமுறை போட்டுப் பாருங்கள். போன் எண்ணைப் படத்துக்குள் எழுதாமல், தட்டினால் அழைப்பு போகும்படி வையுங்கள். பக்கத்திலேயே வாட்ஸ்அப் பொத்தான். வாடகையைக் கட்டாயம் போடுங்கள், சீசன் வாடகை தனியாக. 'விலைக்கு அழைக்கவும்' என்றால் யாரும் அழைக்க மாட்டார்கள்.

கூகுள் மேப்பில் உங்கள் குறி சரியான இடத்தில் இருக்கிறதா? எங்களுடையது பின்சந்தில் இருந்தது. ராத்திரி வந்த பஸ் ஒன்று அதை நம்பி உள்ளே போய் மாட்டிக்கொண்டது, ரிவர்ஸ் எடுக்க ஒரு மணி நேரம். திருத்துவதற்குக் காசு இல்லை.

புக்கிங் ஆப்களை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை கமிஷன் எடுக்கிறார்கள். 20 என்று வைத்தால் 1,500 ரூபாய் ரூமில் 300 போய்விடும். வலிக்கும்தான். ஆனால் ஆப்பில் பார்த்தவர்களில் பலர் உடனே பெயரைக் கூகுளில் போட்டுத் தேடுவார்கள். அந்த நிமிடத்துக்குத்தான் உங்கள் சைட் வேண்டும். அங்கே நேரடியாகப் போன் செய்தால் என்ன கிடைக்கும் என்று ஒரு வரி இருக்கட்டும். நாங்கள் விலையைக் குறைப்பதில்லை. ரயிலில் வருபவரை ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ அனுப்பிக் கூட்டி வருகிறோம், காலையில் பிளாஸ்கில் டீ. அதற்கே கூப்பிடுகிறார்கள்.

முன்பணம் கேட்டால் இப்போது எல்லோரும் பயப்படுகிறார்கள், பயத்தில் நியாயமும் இருக்கிறது. லாட்ஜ் பெயரில் போலி எண் போட்டுப் பணத்தைச் சுருட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தப் பெயரில் உள்ள கணக்குக்குப் பணம் போகும், எந்த எண்ணிலிருந்து மட்டும் பேசுவோம், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை சைட்டில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்றை இன்றே பார்க்க வேண்டும்: டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயர், யார் பெயரில் இருக்கிறது? எங்கள் சைட்டைச் செய்துகொடுத்த ஆள் அவர் பெயரிலேயே பதிவு செய்திருந்தார். நம்பர் மாற்றிவிட்டு எங்கோ போய்விட்டார், புதுப்பிக்க ஆளில்லாமல் பெயர் போய்விட்டது. லெட்டர்பேடு, போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான். மறுபடி வேறு பெயர் வாங்கி போர்டை எழுத ஆன செலவு, சைட்டுக்கு ஆனதைவிட அதிகம். டொமைன் கணக்கில் இருக்க வேண்டியது உங்கள் இமெயில், உங்கள் போன், உங்கள் கார்டு. அந்தக் கணக்குக்குள் நீங்கள் போக முடியவில்லை என்றால் மற்ற வேலையெல்லாம் பிறகு.

மாமாவின் நோட்டு இன்னும் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் ஏறிய புதுக் கேள்வி, நாய்க்குட்டியோடு வரலாமா என்பது. மாமா இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால் சைட்டிலும் போடவில்லை.